சீனக்குடாவிலிருந்து பலாலிக்கு

லிங்கநகரில் நண்பரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் பறந்த டக்கோட்டாவுக்கு (இளைய வாசகர்களுக்காக: டி.சி.-3) நாற்பது நிமிடப் பயணம். வவுனியா வழியான தரைப்பாதையோ 230 கிலோமீற்றருக்கு மேல்.

இரண்டுமே பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய தளங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் சீனக்குடாமீது குண்டு பொழிந்தன. பலாலி அந்த உலகப்போர்க் காலத்தில் உருவானது. போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10இல், எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலியில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. அதுவும் ஒரு டக்கோட்டாதான்.

2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துப்போயிற்று. குடாநாட்டு மக்கள் பயண அனுமதிக்காகக் காத்திருந்து, கப்பலேறித் திருகோணமலையில் வந்திறங்கினார்கள். அவர்கள் வந்திறங்கிய துறைமுகத்தின் மறுகரையில்தான் சீனக்குடா ஓடுபாதை கிடந்தது.

நண்பரின் தாயாரும் அக்காலத்தில் அவ்வாறு வந்தவர். "விமானத்தில் நாற்பது நிமிடந்தான் அம்மா" என்றேன்.

"எனக்குப் பதினெட்டு நாள் சென்றது, தம்பி" என்றார்.