நகர வீடற்றோருக்கான சமூக ஆதரவு (இந்தியா)

நகரத் தெருக்களில் வாழ்வோர் தங்குமிடம், அடையாள ஆவணம், மருத்துவம், வேலை ஆகியவற்றைப் பெறுவதற்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் பொதுமக்களும் சேர்ந்து செய்யும் பணிகள் நகர வீடற்றோருக்கான சமூக ஆதரவு எனப்படும். உணவுப் பொட்டலமும் போர்வையும் ஓர் இரவைக் கடக்க உதவும். தெருவிலிருந்து நிரந்தரமாக மீள்வதற்கு ஒரு முகவரியும், அந்த முகவரியில் வாழ்பவரை ஏற்கும் அக்கம்பக்கமும் தேவை.

அளவும் தன்மையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நடைபாதை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, ரயில் நிலையம், கோயில் மண்டபம், ஹியூம் குழாய் போன்ற இடங்களில் தங்கியிருந்தவர்கள் பிப்ரவரி 28 அன்று இரவு எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேரும், அவர்களில் நகரங்களில் மட்டும் சுமார் 9.4 லட்சம் பேரும் இருந்தனர். இவர்களில் பலர் அன்றாடம் உழைப்பவர்கள். சென்னை பிராட்வே, பாரிமுனைப் பகுதிகளில் சுமை தூக்கியும் பூ விற்றும் பிழைக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக ஒரே தெருவோரத்தில் வாழ்கின்றன.

காப்பகங்கள்

உணவு உரிமை தொடர்பாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடர்ந்த வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் காப்பகங்கள் குறித்து உத்தரவிட்டது. கடுங்குளிரில் டெல்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் அகற்றப்பட்டதே இதற்கு உடனடிக் காரணம். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், சமையலறை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை வரையறுத்தது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்போருக்கும் தனிக் காப்பகங்கள் உண்டு.

ஆனால் ஆண், பெண், சிறுவர் எனப் பிரித்து வைக்கும் காப்பகத்துக்குக் குடும்பமாக வாழ்பவர்கள் போகத் தயங்குவது இயல்பே. பிழைக்கும் இடத்திலிருந்து அது தொலைவில் இருந்தாலும் அப்படித்தான்.

ஆவணங்கள்

முகவரி இல்லாதவருக்கு ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாமே எட்டாமல் போகின்றன. வாக்காளர் பட்டியலில் இதற்கு வழி உண்டு. வீடற்றவர் தாம் உறங்கும் இடத்தைப் படிவம் 6இல் குறிப்பிடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கு சென்று, அவர் உறங்குவதை நேரில் பார்த்து உறுதி செய்தால் போதும். வசிப்பிடச் சான்று கேட்கப்படுவதில்லை. விண்ணப்பம் எழுதித் தருவதும், அலுவலர் வரும் இரவில் உடனிருப்பதும் தன்னார்வலர்கள் எளிதில் செய்யக்கூடிய, நெடுங்காலம் பயன்தரும் உதவிகள்.

தெருவிலிருந்து வீட்டுக்கு

மனநலப் பாதிப்புடன் தெருவில் திரியும் பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினர். சிகிச்சைக்குப் பின் பலர் குடும்பத்துடன் சேர்ந்தனர். திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்திலேயே தங்க நேர்ந்தது. அவர்களுக்காக 2015இல் உருவானது 'ஹோம் அகெய்ன்' திட்டம். சாதாரணக் குடியிருப்புகளில் வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒருவருக்கொருவர் பிடித்த நான்கைந்து பேர் சேர்ந்து வாழ்கிறார்கள். சமைப்பது, கடைக்குப் போவது, வேலைக்குச் செல்வது எல்லாம் அவர்கள் விருப்பப்படியே. தேவையான அளவுக்குத் துணையாகப் பணியாளர் ஒருவர் இருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இத்திட்டம் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு.

பொதுமக்களின் பங்கு

தெருவில் தவிக்கும் குழந்தைகளுக்காக 1098, முதியோருக்காக 14567 ஆகிய எண்களில் அழைக்கலாம். ஒருவரைக் காப்பகத்துக்கு அனுப்புமுன் அவர் விருப்பத்தைக் கேட்பது அவசியம். வற்புறுத்தி ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் மீண்டும் தெருவுக்கே திரும்புகிறார்கள். தம் தெருவில் காப்பகம் அமைவதை எதிர்க்காத குடியிருப்போரும், வீட்டை வாடகைக்குத் தர முன்வரும் உரிமையாளர்களும், வேலை தரும் கடைக்காரர்களும் இல்லாமல் எந்தத் திட்டமும் நிலைக்காது. அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுக்கும் நகரங்கள், இந்த இடங்களிலும் அதே தாராளத்தைக் காட்ட வேண்டும்.