குருவானவர் இல்லாத 29 வருடங்கள்

யாழ்ப்பாணத்தில் இலையுதிர்காலம் எண்டு ஒண்டு இல்லை. பனங்கொட்டைக்குப் பாத்தி போட்டு முடிய ஐப்பசி மழை பிடிக்கும், பிறகு மாரிதான். இளவாலை, சில்லாலை, மாதகல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தக் காலத்துக்கு இன்னும் இரண்டு பெயர் உண்டு: ஒக்டோபர் செபமாலை மாதம், நவம்பர் ஆத்துமாக்களின் மாதம்.

ஒரு கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த வீடுகளைப் பற்றி எங்கட பெரியாக்கள் இப்பவும் கதைப்பினம். தோட்டத்துக்குள்ள வெள்ளம் நிண்டால் வெளிவேலை குறைவு. பெரிய பானையில் ஒடியல் கூழ் கொதிக்கும், பிலாவிலையைக் கோலிக் குடிப்பினம். விளக்கு வைச்சதும் பாய் விரிச்சு, எல்லாரும் மாதா சுருவத்துக்கு முன்னால முழங்காலில். அம்மம்மா தொடங்குவா, மற்ற ஆக்கள் பதில் சொல்லுவினம். நித்திரை தூங்கிற சின்னனுகளுக்கு ஒரு கிள்ளு விழும்.

இதை வெறும் பக்தி எண்டு விட்டுட்டுப் போகலாம். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்தப் பாய் ஒரு முக்கியமான இடம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்குப் போயின. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் திருமணமும் அந்தச் சபையின் பள்ளிக்கூடத் தோம்பில்தான் பதியப்பட்டன. ஆக, எழுத்தில் பார்த்தால் எங்கட ஊர்ச்சனம் ஒல்லாந்தரின் சமயத்தவர்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தார். ஏழை வேடத்தில், கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையை ஆர் அடையாளம் காணுகினம் எண்டு பார்ப்பதுதான் அவருடைய வழி. அடையாளம் கண்டார்கள். சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்துக் காத்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் கேட்கிறது வேறொரு கேள்வி. இடையில் 29 வருடங்கள். 1658இல் பிறந்த பிள்ளை 1687இல் தானே பிள்ளைகளுக்குத் தாய். குருவானவரை அவள் கண்டதேயில்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குச் செபமாலையை ஆர் காட்டிக் கொடுத்தது? தோம்பில் அதற்குப் பதில் இல்லை. வீட்டுக்குள்ள, இருட்டினபிறகு, தாயும் பேத்தியாரும் சொல்லிக் கொடுத்ததைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஒக்டோபரைச் செபமாலை மாதமாக்கியது பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், 1883இல். வீட்டுச் செபம் அதற்கும் எவ்வளவோ முந்தியது.

எங்கட திருச்சபை வரலாறுகள் குருமாரின் பெயர்களாலும் கோயில் கட்டின ஆண்டுகளாலும் நிறைந்திருக்கு. அந்த 29 வருடத்தைக் காத்தவர்களின் பெயர் ஒண்டுகூட எங்களிடம் இல்லை.

திரும்பவும் அதே தவறு நடக்கிறது. 1995 ஒக்டோபர் 30, செபமாலை மாதம் முடிய ஒருநாள் இருக்கேக்க, வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தப் பெரிய வீடுகள் பிறகு வன்னி, கொழும்பு, பாரிஸ், ரொறன்ரோ எண்டு சிதறின. இண்டைக்குப் பாயில் இரண்டு பேர், மற்றவை போனில்.

ஆனாலும் நவம்பர் 2க்கு முதல் சேமக்காலையில் மழைக்கு வளர்ந்த புல்லைப் பிடுங்குகினம், கல்லறைக்கு வெள்ளையடிக்கினம். இரவுச் செபம் முடிய அம்மம்மாமார் செத்த ஆக்களின் பெயர்களை வரிசையாய்ச் சொல்லுகினம்: கப்பலில் போன பெரியப்பு, நெருப்புக்காய்ச்சலில் போன தங்கச்சி, சண்டையில் காணாமல்போன மச்சான். அந்த வரிசை எந்தக் கச்சேரியிலும் இல்லை.

இந்த நவம்பரில் அவை பெயர் சொல்லேக்க ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கோ. ஆர், எந்த ஊர், எப்பிடிச் செத்தவை எண்டும் கேளுங்கோ. சமயம் எதுவாயும் இருக்கட்டும், உங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு வரிசை கட்டாயம் இருக்கும்.