கப்பலேறியவர் விற்ற அம்ப்ளிபயர்

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. லிந்துலையில் தோட்டத்துத் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுவதென்றாலும் பழைய அம்ப்ளிபயரைத்தான் தேட வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் அப்படியொன்று விலைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா செல்லவிருந்த ஒருவர், தலைமன்னாரில் கப்பலேறும் முன் தமது வால்வு அம்ப்ளிபயரைக் கோயிலுக்கு விற்றார். முதல் திருவிழாவிலேயே பாட்டை மிஞ்சி 'உர்' என்ற இரைச்சல் எழுந்தது. ஏமாற்றிவிட்டார் என்று ஏசினோம்.

தலவாக்கலையில் வானொலி பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்தார். மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர்கள் வயதினால் வறண்டிருந்தன. மலைநாட்டு ஈரத்தில் ஒலிக் குமிழின் உட்புறம் கறுத்திருந்தது. மாற்ற வேண்டியதை மாற்றி, துடைத்துத் தந்தார். "விற்றவர் மேல் பிழையில்லை, இது பெட்டியின் முதுமை" என்றார். பிறகு அது பல்லாண்டு பாடியது. விற்றவரிடம் அதைச் சொல்ல வழியில்லை. அவர் மண்டபம் முகாமையும் கடந்து போய்விட்டார்.

1977 இறுதியில் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் யப்பானியப் பெட்டிகள் வந்து குவிந்தன. இன்று அவற்றுக்கும் அதே முதுமை. பழையதை வாங்குவோர் பழுது பார்க்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நன்று. விற்றவரை ஏசுமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பது அதனினும் நன்று.