கொரோனாவும் பக்கவாதமும்: 2004லேயே எழுதி வைத்த எச்சரிக்கை

1/ "டாக்டர், கொரோனா நுரையீரல் நோய்தானே? அப்புறம் ஏன் எங்க அப்பாவுக்குக் கை கால் விழுந்துச்சு?"

2021 இரண்டாம் அலையில என்கிட்ட பலபேர் கேட்ட கேள்வி இது. இன்னைக்கும் கேட்கிறாங்க. பதில் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும். காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. உங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம்.

2/ மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சாலோ வெடிச்சாலோ வருவது பக்கவாதம். பெரும்பாலும் அடைப்புதான்.

இது ரத்தக்குழாய் சமாச்சாரம்னு மருத்துவ உலகத்துக்கே ரொம்ப நாள் தெரியாது. 1658ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இந்த நோயில் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்து, உள்ளே ரத்தம் கசிந்திருப்பதை எழுதினார். அப்போ நம்ம பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கெல்டிரியா கோட்டை கட்டி 45 வருஷம் ஆகியிருந்தது.

3/ ரத்தம் ஏன் குழாய்க்குள்ளேயே உறையுது? இதைத் தெளிவாக்கியதில் பெரிய பங்கு ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோவுக்கு. 1856ல் அவர் ஆய்வுகள் தொகுப்பாக வந்தன. பின்னாளில் அவர் பெயராலேயே மூன்று காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள்:

ஓட்டம் மந்தமாகணும்.
குழாயின் உள்சுவர் சேதமாகணும்.
ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறணும்.

4/ ஏரிக்கரைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. முகத்துவாரத்துல நீரோட்டம் குறைஞ்சா மணல் சேரும். மணல் சேரச் சேர ஓட்டம் இன்னும் குறையும். ஒருநாள் முகத்துவாரமே தூர்ந்துடும். அப்புறம் ஏரி என்ன பாடுபடும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

மூளையிலும் அதே கதைதான். ஆனா அங்கே தூர்வார நமக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே.

5/ இப்போ 2003க்கு வாங்க. சார்ஸ். அதுவும் கொரோனா குடும்பத்து வைரஸ்தான். சிங்கப்பூரில் 238 பேருக்கு வந்தது, 33 பேர் இறந்தார்கள்.

அந்த நோயாளிகளில் 5 பேருக்கு மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். 2004ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் உமாபதி. அந்த 5 பேரில் 3 பேருக்கு, பக்கவாதம் வர வழக்கமான காரணங்கள் எதுவும் பெரிதாக இல்லை.

6/ உலகம் முழுக்க சுமார் 8,000 பேரோடு சார்ஸ் 2003லேயே அடங்கிவிட்டது. எல்லோரும் மறந்தோம். எச்சரிக்கை மட்டும் ஆய்விதழில் பத்திரமாக இருந்தது.

16 வருஷம் கழிச்சு அதோட சொந்தக்கார வைரஸ் வந்தது.

7/ 2020 ஏப்ரலில் வூகான் மருத்துவர்கள் 214 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஏதோ ஒரு நரம்பு சார்ந்த பாதிப்பு. நோய் தீவிரமானவர்களில் கிட்டத்தட்ட 6 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் அல்லது மூளை ரத்தக்குழாய் பாதிப்பு.

8/ அதே மாதக் கடைசியில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் எழுதியது எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இரண்டே வாரத்தில் 5 பேர். வயது 33 முதல் 49 வரை. எல்லோருக்கும் பெரிய ரத்தக்குழாய் அடைப்பு, எல்லோருக்கும் கொரோனா. அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் இந்த வயதில் இப்படி வந்தவர்கள், இரண்டு வாரத்துக்குச் சராசரியாக ஒருத்தர்கூட இல்லை.

அந்த 5 பேரில் 2 பேர், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தாமதித்தவர்கள். இந்த வரியை மறக்காதீங்க, திரும்பி வருவோம்.

9/ "சாதாரண ஃப்ளூவுக்கும் இப்படித்தானே?" இதையும் நியூயார்க்கிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வந்த ஃப்ளூ நோயாளிகளில் 0.2 சதவீதம் பேருக்குப் பக்கவாதம். கொரோனா நோயாளிகளில் 1.6 சதவீதம்.

100ல் 98 பேருக்கு வரலைங்கறதையும் சேர்த்தே படிங்க. பயமுறுத்த இதை எழுதல.

10/ காரணம்? விர்ச்சோ பெயரில் சொல்லும் மூன்றையும் இந்த நோய் ஒரே நேரத்தில் செய்தது. காய்ச்சலில் படுத்த படுக்கை, நீர்ச்சத்து குறைவு. ரத்தக்குழாயின் உள்சுவரில் அழற்சி. உடம்பின் எதிர்ப்பு எல்லை மீறி ரத்தம் உறையும் தன்மை கூடுவது. நுரையீரல் வழியா நுழைஞ்ச நோய், ரத்தக்குழாய் நோயாகவும் மாறிடுச்சு.

11/ ஸ்வீடனில் 86,742 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். தொற்று வந்த முதல் வாரத்தில் அடைப்புப் பக்கவாதம் வரும் ஆபத்து, அதே ஆளுக்கு மற்ற நாட்களில் இருப்பதைப்போல சுமார் 3 மடங்கு. இரண்டாம் வாரத்திலும் அது பெரிதாகக் குறையவில்லை.

12/ தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. டி-டைமர்னு ஒரு டெஸ்ட் பேரை டீக்கடையில பேசின காலம் அது. வயிற்றுத் தோலில் போட்ட ஊசி ஞாபகம் இருக்கா? ரத்தம் உறையாமல் இருக்கத்தான் அது.

13/ "தடுப்பூசியாலதான் ரத்தம் உறைஞ்சுதுன்னு சொல்றாங்களே?"

நேரடியாவே சொல்றேன். கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. ஆனா தராசின் இரண்டு தட்டையும் பாருங்க. இங்கிலாந்தில் சுமார் 2.9 கோடி பேரின் தரவு: மூளையின் சிரைக்குழாயில் உறைவு, 1 கோடி பேருக்குத் தடுப்பூசியால் கூடுதலாக 7, தொற்றால் 20. கால், நுரையீரல் சிரைகளில் உறைவு, தடுப்பூசியால் 66, தொற்றால் 12,614.

14/ இப்போ அந்த "பயந்து தாமதித்த" வரிக்கு வருவோம்.

70 நாடுகள், 457 மருத்துவமனைகள். கொரோனாவின் முதல் நான்கு மாதத்தில் பக்கவாதத்துக்குச் சேர்க்கப்பட்டவர்கள் 11.5 சதவீதம் குறைவு. நோய் குறைஞ்சிருக்க நியாயமே இல்ல. பயந்தும் ஊரடங்கில் வழியில்லாமலும் வீட்டிலேயே இருந்துட்டாங்க. பலரோட வலது கை அந்த நாட்களில்தான் நிரந்தரமா போச்சு.

15/ ஏன்னா இது கடிகாரத்தோட ஓட்டப்பந்தயம். 1995ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, 3 மணி நேரத்துக்குள் உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் பலன் உண்டு என்று காட்டியது. 2008ல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. 2015க்குப் பிறகு குழாய் விட்டே உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சையும் நிலைபெற்றது. சிலருக்கு அது 24 மணி நேரம் வரைகூட உதவும்.

16/ ஆனா எதுக்கும் முன்னாடி சிடி ஸ்கேன் வேணும். அடைப்பா, கசிவான்னு பார்க்காம அந்த மருந்தைத் தொடவே முடியாது.

காட்டுப்பள்ளியை யோசிங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். ஊருக்குள்ள ஸ்கேன் கிடையாது. நாலரை மணி நேரத்துல பாதி பயணத்துக்கே போயிடலாம். அதனால வீட்டுல வீணாக்க உங்ககிட்ட அரை மணி நேரம்கூட இல்ல.

17/ பார்க்க வேண்டியது:
வாய் ஒருபக்கம் கோணுதா?
இரண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒன்னு தானா இறங்குதா?
பேச்சு குழறுதா?

ஒன்னு இருந்தாலும் உடனே 108. பக்கவாதம்னு சந்தேகம்னு சொல்லுங்க. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராப் போங்க.

18/ மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" விடிகாலை 3 மணிக்குப் படகு ஏறும்போது நல்லா இருந்தாரா? வலை இழுக்கும்போது? கூட இருந்தவங்களைக் கேட்டு மணியைக் குறிச்சுக்கோங்க. கடல்ல இருக்கும்போதே வந்தா, சிக்னல் கிடைச்சதும் கரைக்கு போன் போட்டு வண்டியைத் தயாரா நிறுத்தச் சொல்லுங்க.

19/ செய்யக் கூடாதது:
தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊத்தாதீங்க. புரையேறி நுரையீரலுக்குப் போகும்.
நாமளா ஆஸ்பிரின் கொடுக்காதீங்க. கசிவா இருந்தா ஆபத்து.
எண்ணெய் தேய்ச்சு, புறா ரத்தம் தடவி மணியைத் தொலைக்காதீங்க.
"விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" வேண்டவே வேண்டாம்.

20/ கொரோனா இன்னும் அப்பப்போ வந்து போகுது. அதுவோ கடுமையான காய்ச்சலோ வந்து போன சில வாரங்களுக்கு, முக்கியமா பிரஷர், சுகர், இதய நோய் இருக்கிறவங்க கவனமா இருங்க. நல்லா தண்ணி குடிங்க, படுத்தே கிடக்காதீங்க. கடலுக்குப் போறோம், அலைச்சல்னு மாத்திரையை விடாதீங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல அது வீட்டுக்கே வருது.

2004ல் சிங்கப்பூர்க்காரங்க எழுதி வைத்ததை உலகம் மறந்தது. அதுக்கு 2020ல் விலை கொடுத்தோம். இந்த முறை மறக்க வேணாம். உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல 17, 18, 19 மூனையும் போட்டு வைங்க. யாருக்கோ ஒருத்தருக்கு ஒரு ராத்திரி உதவும்.