கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர்

கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1947 மே 7 முதல் 1958 வரை வாரந்தோறும் ஒளிபரப்பான நாடக நிகழ்ச்சி ஆகும். பாலாடைக்கட்டி விற்கும் கிராஃப்ட் நிறுவனம் இதன் செலவை ஏற்றது. ஆனால் இதைத் தயாரித்தது தொலைக்காட்சி நிலையம் அல்ல. கிராஃப்டின் விளம்பர முகவரான ஜே. வால்டர் தாம்சன் நிறுவனமே ஆகும்.

1930களிலேயே இந்நிறுவனம் வானொலியில் லக்ஸ் ரேடியோ தியேட்டர் போன்ற நிகழ்ச்சிகளைத் தயாரித்துப் பழகியிருந்தது. அதே முறையைத் தொலைக்காட்சிக்கும் கொண்டு வந்தது. கதை, இயக்குநர், நடிகர்கள் ஆகிய தெரிவுகள் விளம்பர முகவரின் ஊழியர்களிடமே இருந்தன. என்பிசி அரங்கையும் ஒளிப்பதிவுக் கருவிகளையும் வழங்கியது. நாடகங்கள் நேரலையாக நடிக்கப்பட்டன. இடையிடையே கிராஃப்ட் பொருட்களைக் கொண்டு சமையற் குறிப்புகள் செய்து காட்டப்பட்டன.

தொடக்கத்தில் பெரும்பாலும் மேடை நாடகங்களே தழுவப்பட்டன. பின்னர் புதிய எழுத்தாளர்களின் படைப்புகளுக்கும் இடம் கிடைத்தது. அவற்றுள் 1955 சனவரி 12 அன்று ஒளிபரப்பான ராட் செர்லிங்கின் பேட்டர்ன்ஸ் முதன்மையானது. பெருநிறுவனத் தலைவர் ஒருவர் முதிய அதிகாரியை அவமதித்து வெளியேற்ற முயல்வதே அதன் கதை. இத்தகைய கதைக்கு ஒரு பெருநிறுவனமே பணம் கொடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது. வரவேற்பு மிகுந்ததால் பெப்ரவரி 9 அன்று நடிகர்கள் அந்நாடகத்தை மீண்டும் நேரலையில் நடித்தனர். 1956இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

1958 ஏப்ரலில் தயாரிப்புப் பொறுப்பு டேலண்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்திற்கு மாறியது. அவ்வாண்டிலேயே நிகழ்ச்சி முடிவுற்றது. அமெரிக்காவில் வினாடி வினா நிகழ்ச்சி மோசடிகள் வெளியான பின், நிகழ்ச்சிகளின் கட்டுப்பாடு விளம்பர முகவர்களிடமிருந்து பெருமளவு தொலைக்காட்சி நிலையங்களின் கைக்குச் சென்றது.