முக்கோணத்தின் மூன்றாவது மூலை

1989 டிசம்பரில், அப்போது முதல் துணைப் பிரதமராக இருந்த கோ சோக் தோங் ஒரு முக்கோணத்தை முன்வைத்தார். சிங்கப்பூர், மலேசியாவின் ஜோகூர், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள். சிங்கப்பூரிடம் முதலும் நிர்வாகத் திறனும் இருக்கு, ஜோகூரிடம் நிலம் இருக்கு, ரியாவில் மலிவான உழைப்பு இருக்கு. மூன்றையும் சேர்த்து ஒரே இடமாகக் காட்டினால் உலக நிறுவனங்கள் வரும். ‘வளர்ச்சி முக்கோணம்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வேலை துவாஸில். இங்கே நின்று பார்க்கும்போது அந்த முக்கோணத்தின் கோடுகள் அவ்வளவு நேராகத் தெரிவதில்லை.

ஏன் அந்த நேரத்தில் முக்கோணம்? ஜூரோங்கில் தொழிற்பேட்டை தொடங்கியபோது, மலேசியாவோடு பொதுச் சந்தை அமையும் என்ற கணக்கு இருந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் பிரிவு வந்தது, கணக்கு போச்சு. சிங்கப்பூர் பக்கத்து வீட்டைத் தாண்டி அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா என்று முதலீடு தேடிப் போனது. கால் நூற்றாண்டில் கூலியும் நில விலையும் ஏறிவிட, மறுபடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. இதில் சகோதரத்துவம் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

பாத்தாம் தீவில் சிங்கப்பூர் அரசுசார் நிறுவனங்களும் இந்தோனேசியாவின் சாலிம் குழுமமும் சேர்ந்து ‘பாத்தாமிண்டோ’ தொழிற்பேட்டையைக் கட்டின. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் ஆலைகள் வரிசையாக வந்தன. ஆனால் அங்கே உட்கார்ந்து பாகம் பொருத்திய இளம்பெண்களில் பெரும்பாலோர் ரியாவ்காரர்கள் இல்லை. ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வந்தவர்கள். இரண்டு வருட ஒப்பந்தம், பேட்டைக்குள்ளேயே விடுதி. ‘ரியாவின் உழைப்பு’ என்று வரைபடத்தில் எழுதியது, கப்பலேறி வந்த உழைப்பு.

நிலத்தின் கதை வேற மாதிரி. துவாஸின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கியது. தூர்க்க மணல் வேண்டும். மலேசியா 1997இல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது, இந்தோனேசியா 2007இல் முழுவதுமாக நிறுத்தியது. நடுவில் 2003இல், துவாஸிலும் தெக்கோங் தீவிலும் நடந்த கடல்தூர்ப்பை எதிர்த்து மலேசியா ஹாம்பர்க்கிலுள்ள கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. இரு தரப்பும் சேர்ந்து நிபுணர் குழு அமைக்கணும், சீர்செய்ய முடியாத பாதிப்பு வரும் விதத்தில் சிங்கப்பூர் வேலை செய்யக்கூடாது என்று அக்டோபரில் உத்தரவு வந்தது. 2005 ஏப்ரலில் சமரசம். ஜோகூர் மீனவர்களுக்கான இழப்பீடும் அதில் ஒரு பகுதி. ஒத்துழைப்பு பற்றிப் பேசும்போது நாம் ஒப்பந்தப் படங்களைத்தான் பார்க்கிறோம். எனக்கு இந்த வழக்குதான் உண்மையான ஒத்துழைப்பாகப் படுகிறது.

மணல் கிடைக்காதது பொறியியலையும் மாற்றியது. துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு 221 கெய்சன்கள். கெய்சன் என்பது உள்ளே கூடான கான்கிரீட் பெட்டி. ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடி, 15,000 டன் எடை. மிதக்கவிட்டு இழுத்துவந்து, நீரை நிரப்பி அமிழ்த்தி, வரிசையாக நிறுத்தினால் சுவர். அதன் பின்னால் கொட்டிய மண்ணில் பாதிக்கு மேல், கடலடியில் தூர்வாரியதும் சுரங்கப்பாதை மாதிரியான வேலைகளில் தோண்டியதும்தான். அண்டை வீட்டார் கதவைச் சாத்தியதும் சொந்தக் கொல்லை மண்ணுக்கு மதிப்பு வந்துவிட்டது!

ஜோகூரும் ‘நிலம்’ என்ற மூலையிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டாவது பாலம் 1998 ஜனவரியில் திறந்தது. அடுத்த இரண்டே வருடத்தில், பாலத்துக்குப் பக்கத்திலேயே, தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் மெர்ஸ்க் நிறுவனத்தைச் சிங்கப்பூரிலிருந்து இழுத்துக்கொண்டது. 2002இல் எவர்கிரீனும் போனது. அந்தத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் துவாஸிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும். சிங்கப்பூரில் இதைத் துரோகம் மாதிரிப் பேசியவர்களும் உண்டு. நிலத்தை மட்டும் தருகிறவராகவே அடுத்தவர் என்றைக்கும் இருப்பார் என்று எதிர்பார்த்ததுதான் எனக்கு விசித்திரமாக இருக்கு.

நிலம் பதில் பேசியது. உழைப்பு என்ற மூலை?

துவாஸின் கப்பல் தளங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் தமிழ்நாட்டு ஆட்கள் நிறையப் பேர். வெல்டிங், ஸ்காஃபோல்டிங், கம்பி கட்டுதல். விடியும்முன் டார்மிட்டரி வாசலில் லாரி, ஞாயிற்றுக்கிழமை தேக்கா. முக்கோணத்தின் மூன்று நாடுகளில் எதையும் சேராதவர்கள் இவர்கள். ஆனால் இங்குள்ள படகுத்துறைக்கும் கப்பலுக்கும் இவர்கள் கை படாமல் வேலை முடிவதில்லை. வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. ஒரு தடவைக்கு அதிகம் போனால் இரண்டு வருடம். பாத்தாம் பெண்களின் ஒப்பந்தமும் அதே இரண்டு வருடம்தான்.

2025 ஜனவரி 7இல் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்குக் கையெழுத்தானது. பரப்பு சிங்கப்பூரைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பழைய சூத்திரம்தான், இந்த முறை மூலை இரண்டு. முதல் ஐந்து வருடத்தில் 50 திட்டங்கள், 20,000 வேலைகள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 50 திட்டங்களுக்கு பைலிங் அடிக்கப் போகிறவர்கள், இந்தப் பக்கம் நம்ம ஊர் அண்ணன்களோ அந்தப் பக்கம் வங்காளதேசத்தவரோ இந்தோனேசியரோ, அந்த எண்ணிக்கைக்குள் வருகிறார்களா என்று பார்த்தேன். 20,000 என்பது திறன்சார் வேலைகளுக்கான கணக்காம்.