நிற்பதும் குற்றமா?

தெருவில் காரணமின்றி நிற்பதைச் செல்வர் செய்தால் உலாவுதல் என்பர். ஏழை செய்தால் வீணாகத் திரிதல் என்பர். செயல் ஒன்றே, ஆளைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இவ்வேறுபாடு சட்டத்திலும் இடம்பெற்ற வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. தென் மாநிலங்களின் கறுப்பின அடிமைகள் விடுதலை பெற்றனர். அவ்வாண்டு இறுதியிலேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, 1866 சனவரி இரண்டாம் வாரம் முதல், முறையான வேலையின்றிக் காணப்படும் 18 வயதுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் திரிபவராகக் கருதப்பட்டனர். தண்டம் 50 டாலர் வரை. ஐந்து நாட்களுக்குள் செலுத்த இயலாதவர், அத்தொகையைக் கட்டுபவரிடம் கூலியாளாக ஒப்படைக்கப்பட்டார். பணம் கட்டும் வசதியோ தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. சங்கிலி கழன்ற கைகளைச் சட்டம் மீண்டும் கட்டியது.

இத்தகைய விதிகள் நெடுநாள் நீடித்தன. புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரின் திரிவோர் விதியை 1972இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. எது குற்றமென்று சாதாரண மனிதர் அறிய முடியாத விதி, காவலர் கையில் வரம்பற்ற அதிகாரத்தைத் தருகிறது என்பதே காரணம்.

நம் நாட்டிலும் இதன் சாயல் இருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, பிழைக்கும் வழி புலப்படாதவரிடமும், தம்மைப் பற்றித் தக்க விளக்கம் தர இயலாதவரிடமும் ஓராண்டு வரை நன்னடத்தைப் பிணை கேட்க வழிவகுத்தது. பிணை தராதவருக்குச் சிறை. உடைமையற்றவர் பிணைக்காக உடைமையுள்ளவர் வாசலில் நிற்க நேர்ந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இப்பகுதியைக் கைவிட்டது.

பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்கே, 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பின்னர் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சாலைகளையும் பொது இடங்களையும் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாதென்றது. அவ்வுரிமை நடப்பதற்கு மட்டுமன்று, நிற்பதற்கும் உரியது. 'ஏன் இங்கு நிற்கிறாய்?' என்று கேட்கப்படும் நம் பிள்ளை, எந்தச் சட்டத்தின்படி என்று பணிவோடும் அச்சமின்றியும் திருப்பிக் கேட்கட்டும். அதற்கான கல்வியைத் தருவதே நம் கடமை.